எதை முதலில் செய்வது: உரிமத் தேர்வுக்குத் தயாராகும் செவிலிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் நர்சிங் கல்லூரிகளில் படிப்பை முடிக்கும் மாணவர்களில் பலர், வெளிநாட்டில் பணியாற்ற விரும்பி, அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராகப் பணிபுரியத் தேவையான என்கிளெக்ஸ் ஆர்என் (NCLEX-RN) உரிமத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலோர் முதல் வேலையாகப் பெரிய கேள்வி வங்கி ஒன்றை வாங்கி, நாளுக்கு இத்தனை கேள்விகள் என்று கணக்கு வைத்து முடிக்கிறார்கள். அந்த உழைப்பு வீணன்று. ஆனால் இத்தேர்வு இப்போது அளப்பது, நோயாளியின் அருகே நிற்கும் செவிலியர் எதைக் கவனிக்கிறார், அதிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறார், எதை முதலில் செய்கிறார் என்பதைத்தான். இதைக் கற்பதற்குச் சிறந்த இடம் உங்களுடைய வார்டு போஸ்டிங்தான், அதாவது மருத்துவமனை வார்டில் நீங்கள் செய்யும் பயிற்சிப் பணிதான், என்பது என் உறுதியான கருத்து. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பும் தொடங்கப்பட்ட ஊர் வேலூர். இங்கே மாணவர்கள் ஒரே வாரத்தில் பார்க்கும் நோய்களின் வகை, பல நாடுகளின் மாணவர்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்காது. அந்த வாய்ப்பைத் தேர்வுக்கான பயிற்சியாக மாற்றிக்கொள்ளும் வழியை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

முதலில் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

2023 ஏப்ரல் 1 முதல் என்கிளெக்ஸ் புதிய வடிவில் நடைபெறுகிறது. குறைந்தது 85 கேள்விகளும் அதிகபட்சம் 150 கேள்விகளும் வரலாம்; மொத்த நேரம் 5 மணி. நீங்கள் தரும் விடைகளைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் அதற்குத் திரும்பிச் செல்ல முடியாது. எல்லோருக்கும் மதிப்பெண் கணக்கில் சேரும் மூன்று நோயாளி விவரணைகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரே நோயாளியைப் பற்றிய ஆறு கேள்விகள் அடுத்தடுத்து வரும். இடையிடையே அவருடைய நிலை மாறும், புதிய பரிசோதனை முடிவுகள் சேரும்.

அந்த ஆறு கேள்விகளும் ஆறு படிகளைத் தழுவியவை. குறிகளைக் கண்டறிதல், அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஆராய்தல், இருக்கக்கூடிய காரணங்களில் எது முதன்மையானது என்று வரிசைப்படுத்துதல், செய்யத்தக்கவற்றை வகுத்தல், செயற்படுதல், விளைவை மதிப்பிடுதல் என்பனவே அவை. நல்ல வார்டு சிஸ்டர் ஒருவர் இவற்றை ஒரு நிமிடத்துக்குள், படிகளாகப் பிரித்துப் பார்க்காமலேயே செய்துவிடுவார். மாணவர் அப்படிச் செய்ய முயன்றால் இரண்டாவது மூன்றாவது படிகளைத் தாண்டி நேராகச் செயலுக்குப் போய்விடுவார். தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் நேர்கிறது. எனவே தொடக்கத்தில் ஒவ்வொரு படியையும் தனியாக, எழுதிப் பழக வேண்டும்.

ஆறு படிகளும் ஒரே நோயாளியிடம்

இப்பகுதிக்குப் பழக்கமான ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். இந்த நோயாளி நான் கற்பனை செய்து எழுதியவர். ஒடுகத்தூர்ப் பக்கம் நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த 42 வயதுப் பெண்ணை மாலை 6.30 மணிக்கு வலது பாதத்தில் பாம்பு கடிக்கிறது. 8 மணிக்கு அவசரப் பிரிவுக்கு அழைத்து வருகிறார்கள். நாடித்துடிப்பு 112, இரத்த அழுத்தம் 100/64, மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் செறிவு 97 சதவீதம், வெப்பநிலை 98.4 டிகிரி. கடிவாயில் இரண்டு பல் தடங்கள் உள்ளன. வீக்கம் கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே புடவைத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஈறுகளில் இரத்தம் கசிகிறது. ஊசி குத்திய இடத்திலும் கசிவு நிற்கவில்லை. நண்பகலுக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. இமைகள் தொங்கவில்லை, பேச்சுத் தெளிவாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்பது நினைவில்லை. பாம்பின் முதுகில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் இருந்தன, பலமாகச் சீறியது என்கிறார் கணவர்.

முதற்படியில், இந்தத் தகவல்களில் இப்போதே கவனிக்கத்தக்கவற்றை அடிக்கோடிட வேண்டும். ஈறுக் கசிவு, ஊசி இடத்துக் கசிவு, ஏறிக்கொண்டிருக்கும் வீக்கம், விரைந்த நாடி, இறுகிய கட்டு, சிறுநீர் இல்லாமை ஆகியவை அவை. தொங்காத இமைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இல்லாத குறியும் ஒரு தகவலே. நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கி இமைகளைத் தொங்கச் செய்து, மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும். இந்த நொடியில் அது தெரியவில்லை. ஆயினும் கணவர் சொன்ன அடையாளங்கள் கண்ணாடி விரியனைச் சுட்டுகின்றன; தென்னிந்தியாவில் அதன் கடியிலும் நரம்புக் குறிகள் சில வேளைகளில் தோன்றுவதுண்டு என்பதால் அதைக் கண்காணிப்பதை விட்டுவிட முடியாது. வயிற்றுப்புண் மாத்திரை இப்போதைக்குப் பின்னால் போகட்டும்.

இரண்டாம் படியில் குறிகளை இணைக்கிறோம். இரண்டு இடங்களில் கசிவு, புள்ளிகள் உள்ள பாம்பு, பரவும் வீக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நஞ்சு இரத்த உறைதலைக் குலைத்திருப்பதைச் சுட்டுகின்றன. விரைந்த நாடிக்கு அச்சம், வலி, இரத்த இழப்பு என்ற மூன்று காரணங்களும் இருக்கலாம். சிறுநீர் இல்லாமைக்கு வெயிலில் நீர் குடிக்காததும் காரணமாகலாம், சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் காரணமாகலாம். ஒரு குறிக்கு ஒரே காரணத்தை எழுதிவிட்டு நின்றுவிடுவது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். குறைந்தது இரண்டு காரணங்களையாவது எழுதி, அவற்றைப் பிரித்தறிய வேறெந்தத் தகவல் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வேண்டியது 20 நிமிட இரத்த உறைதல் சோதனை. சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூளில் கழுவிய குழாயிலோ எடுத்தால் முடிவை நம்ப முடியாது. இந்த நோயாளியின் இரத்தம் உறையவில்லை.

மூன்றாம் படியில் வரிசை. காற்றுவழியும் மூச்சும் இப்போது பாதுகாப்பாக உள்ளன. ஆகவே உறைதல் குலைவும் அதனால் நேரும் இரத்தப்போக்கும் முதலிடம் பெறுகின்றன. சிறுநீரகப் பாதிப்பு அடுத்த சில மணி நேரத்தின் கவலை. காலின் தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்பது தொடர்ந்து பார்க்க வேண்டியது. எது உயிருக்கு மிக ஆபத்தானது, எது மிக விரைவில் நிகழக்கூடியது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் வரிசை தானாகத் தெளியும்.

நான்காம் படியில் செய்யத்தக்கவற்றை வகுக்கும்போது, செய்யக்கூடாதவற்றையும் அதே தாளில் எழுத வேண்டும். வலது கால் மெட்டியையும் கொலுசையும் வீக்கம் இறுக்குவதற்கு முன் கழற்ற வேண்டும். வீக்கத்தின் மேல் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். காலை அசையாமல் வைக்க வேண்டும். வேறொரு உறுப்பில் சிரை ஊசி (IV) வழி திறக்க வேண்டும், தேவையில்லாமல் பல இடங்களில் குத்தக்கூடாது. நச்சுமுறி மருந்தைத் தயாராக்கும்போதே, அதனால் கடுமையான ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். கட்டைப் பார்த்தவுடன் கத்தரித்து எறிவதும் தவறு: இறுக்கிய கட்டு திடீரென அவிழும்போது தேங்கியிருந்த நஞ்சு ஒரேயடியாக உடலுக்குள் பரவக்கூடும் என்பதால், மருத்துவர் அருகிலிருக்க, மூச்சுத்திணறலையும் அழுத்த வீழ்ச்சியையும் சமாளிக்கும் ஏற்பாட்டோடுதான் அதை அவிழ்க்க வேண்டும்.

டெட்டனஸ் ஊசி இந்தப் படியில் ஒரு நல்ல சோதனை. கடிபட்டவருக்கு அது தேவைதான். ஆனால் இரத்தம் உறையாத உடலின் தசையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டும்; ஆகவே உறைதல் சீரான பிறகே அதைப் போட வேண்டும். தேர்வில் உங்களைத் தடுமாறச் செய்யும் விடைகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை: சரியான செயல், பொருந்தாத நேரம்.

ஐந்தாம் படி செயல். நச்சுமுறி மருந்து சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் செல்லுமாறு தொடங்கப்படுகிறது. செவிலியர் அங்கிருந்து நகரக்கூடாது. 12-ஆம் நிமிடத்தில் நோயாளி உடல் முழுவதும் அரிக்கிறது என்கிறார். தோலில் தடிப்புகள் எழுகின்றன, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது, இரத்த அழுத்தம் 82/50, நாடி 134, ஆக்சிஜன் 91. வரிசை இப்போது முற்றிலும் மாறிவிட்டது. முதலிடத்துக்கு வந்திருப்பது கடுமையான ஒவ்வாமை. நச்சுமுறி மருந்தை நிறுத்துவதே முதற்செயல். அடுத்து, 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் முன்வெளிப் பக்கத் தசையில் செலுத்த வேண்டும். ஆக்சிஜன், சலைன், படுக்க வைத்துக் கால்களை உயர்த்துதல், உதவிக்கு அழைத்தல் ஆகியன அதனுடன் சேர்ந்து நடக்கும். அரிப்பைத் தணிக்கும் ஊசியும் ஸ்டீராய்டும் விடைகளின் பட்டியலில் இருக்கும். அவை அட்ரினலினுக்குப் பிறகு வருபவை, அதற்கு மாற்றாக மாட்டா.

சற்று முன்பு தசையூசி வேண்டாம் என்று தள்ளி வைத்த அதே நோயாளிக்கு, உறைதல் இன்னும் சீராகாத அதே உடலில், இப்போது தசையூசி போடுகிறோம். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தயங்கி நிற்பார். டெட்டனஸ் ஊசி ஒரு நாள் காத்திருக்கலாம், அதனால் உயிருக்கு இழப்பில்லை; அட்ரினலின் சில நிமிடங்கள் தாமதமானாலும் நோயாளி இறக்கக்கூடும், அதனுடன் ஒப்பிட்டால் தொடையில் கட்டும் இரத்தம் சிறியது. இந்த எடைபோடுதலைத்தான் தேர்வு கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்று குறிப்பிடுகிறது. இரண்டு ஊசிகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நீங்கள் ஒரு நண்பருக்குத் தடையின்றி விளக்க முடிந்தால், இக்கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு விளங்கிவிட்டது.

ஆறாம் படியில் எதைப் பார்த்து நலம் என்று சொல்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மூச்சின் விசிலும் அழுத்தமும் சீராகாவிட்டால் அட்ரினலினை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வாமை அடங்கியதும் மருத்துவரின் ஆணைப்படி நச்சுமுறி மருந்தை மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும், ஏனெனில் முதல் நோய் இன்னும் தீரவில்லை; ஒவ்வாமையைச் சமாளித்த நிம்மதியில் அதை மறந்துவிடுவது எளிது. ஆறு மணி நேரம் கழித்து உறைதல் சோதனையைத் திரும்பச் செய்வார்கள். உறைதற் காரணிகளை மீண்டும் உருவாக்கக் கல்லீரலுக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள இவருக்குச் சிறுநீர் மணிக்கு 25 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா, வீக்கம் பேனாக் கோட்டைத் தாண்டியதா என்பவை மற்ற இரண்டு அளவுகோல்கள்.

எண்களின் திசையைப் படிப்பது

இயல்பு அளவுகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். பொட்டாசியம் 3.5 முதல் 5.0, சோடியம் 135 முதல் 145, பெரியவர்களின் மூச்சு 12 முதல் 20, நாடி 60 முதல் 100, சிறுநீர் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டர் என்பன போன்றவற்றைத் தேர்வறையில் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் எண் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் பல ஆபத்துகளைத் தவறவிடுவார்.

கருப்பை நீக்க அறுவை முடிந்து வார்டுக்கு வந்த 60 கிலோ எடையுள்ள ஒருவரின் சார்ட்டைக் கற்பனை செய்யுங்கள். 10 மணிக்கு நாடி 84, அழுத்தம் 122/78, அந்த மணி நேரச் சிறுநீர் 45 மில்லி. 11 மணிக்கு 94, 118/78, 38. 12 மணிக்கு 104, 112/80, 30. 1 மணிக்கு 116, 106/82, 22. கட்டு உலர்ந்திருக்கிறது, நோயாளி கொஞ்சம் அமைதியின்றிப் புரள்கிறார். அழுத்தத்தின் எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் அச்சுறுத்தாது. ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு 44, 40, 32, 24 என்று சுருங்கிக்கொண்டே வருகிறது. நாடி ஏறுகிறது, சிறுநீர் குறைகிறது. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகித்து இப்போதே மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் இது. அழுத்தம் 80-க்கு இறங்கும்வரை காத்திருப்பவர், உடல் தன்னைத் தாங்கிக்கொள்ளும் திறனை எல்லாம் செலவிட்ட பிறகே விழித்துக்கொள்கிறார். தேர்விலும் நேரவாரியான அட்டவணையைத் தந்து இத்தகைய கேள்விகள் கேட்கிறார்கள். வார்டில் ஒவ்வொரு முறை வைட்டல்ஸ் (நாடி, அழுத்தம், மூச்சு போன்ற அளவுகள்) குறிக்கும்போதும் முந்தைய மூன்று பதிவுகளை வாசித்துவிட்டு எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். அதற்குத் தனி நேரம் தேவையில்லை.

நோயாளி சொல்லும் சொல்

குறிகள் எண்களாக மட்டும் வருவதில்லை. நம் வார்டுகளில் நோயாளிகள் "கண்ணு இருட்டிக்கினு வருது", "மாரு படபடன்னு அடிச்சிக்கிது", "நெஞ்சு எரியுது, காஸ் தொல்லதான் சிஸ்டர்" என்று சொல்வார்கள். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள ஒரு பெண் வியர்த்தபடி நெஞ்செரிச்சல் என்று சொன்னால், காஸ் என்ற அவருடைய முடிவை ஏற்காமல் அவர் சொன்ன உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, மாரடைப்பை முதற்சந்தேகமாக வைத்து இசிஜிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நீரிழிவு நோயாளிகளிடமும் பெண்களிடமும் மாரடைப்பு வழக்கமான மார்வலி இன்றி வரக்கூடும். நோயாளியின் சொற்களை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்; தேர்வில் செவிலியர் குறிப்பைத் தந்து, முக்கியமான சொற்றொடர்களை வண்ணமிடச் சொல்லும் கேள்விகளுக்கு இது நேரடியான பயிற்சி.

எதுவும் சொல்லாமல் இருப்பதும் குறியாகலாம். கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் மருத்துவமனைக்குப் போஸ்டிங் செல்லும் மாணவர்கள் இதை நேரில் காண்பார்கள்: உணர்விழந்த பாதத்தில் ஆழமான புண் இருக்கும், நோயாளி வலியில்லை என்று நடந்து வருவார். தொழுநோயாளிகளின் கைகால் சிதைவில் பெரும்பகுதி உணர்வின்மையால் நேரும் காயங்களின் விளைவே என்பதை வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் உலகுக்குக் காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் இதே விதி பொருந்தும். வலியில்லை என்ற விடையைப் பெற்றதும் பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் நகரும் செவிலியர், முதற்படியிலேயே தவறிவிடுகிறார்.

நம் வார்டும் தேர்வின் வார்டும் வேறுபடும் இடங்கள்

திறமையான மாணவர்கள்கூட மதிப்பெண் இழக்கும் இடம் இது, ஏனெனில் தேர்வு எதிர்பார்ப்பது அமெரிக்க மருத்துவமனையின் ஒழுங்கை.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து உருது பேசுவோரும், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுவோரும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோரும் வேலூர் மருத்துவமனைகளில் நிறைந்திருக்கிறார்கள். மொழி புரியாதபோது உடன் வந்த உறவினரை மொழிபெயர்க்கச் சொல்வது இங்கே இயல்பு. தேர்வில் அது தவறான விடை. பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரை அழைப்பதே சரி. உறவினர் சிலவற்றை மறைக்கலாம், மென்மையாக்கலாம், நோயாளியும் அவர் முன் சொல்லத் தயங்கலாம். யோசித்துப் பார்த்தால் நம் ஊரிலும் அந்தக் காரணங்கள் முற்றிலும் உண்மையானவை. அதுபோலவே, நோயின் விவரத்தை மகனிடம் மட்டும் சொல்லி அம்மாவிடம் மறைக்கும் வழக்கத்துக்குத் தேர்வில் இடமில்லை. தெளிவான மனநிலையில் உள்ள பெரியவரின் முடிவு அவருடையதே.

வேலையைப் பகிர்ந்தளிக்கும் கேள்விகளும் பழக்கமில்லாதவை. நம் வார்டில் குளிப்பாட்டுவதையும் உணவூட்டுவதையும் பெரும்பாலும் உறவினரே செய்கிறார்கள். அங்கே உரிமமற்ற உதவியாளர், உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், பதிவு பெற்ற செவிலியர் என்று மூன்று நிலைகள் உள்ளன. முதல் மதிப்பீடு, நோயாளிக்குக் கற்பித்தல், விளைவை மதிப்பிடுதல், தீர்மானம் தேவைப்படும் வேலைகள் ஆகிய எவற்றையும் பதிவு பெற்ற செவிலியர் கைமாற்றக்கூடாது. நிலை உறுதியாக உள்ள நோயாளியை நடக்க வைப்பதையும் வைட்டல்ஸ் எடுப்பதையும் உதவியாளரிடம் தரலாம்; நிலை தடுமாறும் நோயாளியின் எதையும் தரக்கூடாது.

மருத்துவரை அழைப்பது எப்போது என்ற கேள்விக்கு இரண்டு எல்லைகளும் உண்டு. நச்சுமுறி மருந்தை நிறுத்துவது போல் உங்கள் அதிகாரத்துக்குள் இருந்து உயிரைக் காக்கும் செயல் ஒன்று இருந்தால், அதைச் செய்துவிட்டே அழைக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாதபோது, அல்லது தகவல் போதுமானபோது, இன்னும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு காலம் கடத்தக்கூடாது. மருத்துவர் எழுதிய அளவு தவறாகத் தெரிந்தால் மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து அவரிடமே கேட்க வேண்டும். இங்கே அது சில மாணவர்களுக்கு அச்சம் தருவதாக இருக்கலாம். தேர்வில் அது கடமை.

மருந்துப் பெயர்களில் ஒரு சிறு பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் வணிகப் பெயர்கள் பெரும்பாலும் வருவதில்லை. பொதுப் பெயர்களே வரும், அவையும் அமெரிக்க வழக்கில் வரும். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சல்பூட்டமால் அங்கே அல்பூட்டெரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின், பெத்திடின் மெப்பெரிடின்.

அன்றாடப் பயிற்சிக்கு ஒரு நோட்டு

காலை ஹேண்டோவர் (முந்தைய பணியினர் தரும் நோயாளி விவரம்) கேட்டபின் ஒரு நோயாளியை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன் அவரருகே சென்று பேசி, பார்த்து, தொட்டு அறிந்தவற்றை எழுதுங்கள். பிறகு இவருக்கு இன்று நேரக்கூடிய மிக மோசமான நிகழ்வு எது, அது தொடங்கினால் முதலில் எந்தக் குறி தெரியும், அப்போது நான் செய்யும் முதற்செயல் எது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். அதன்பின் கேஸ் ஷீட்டைப் படித்து, நீங்கள் தவறவிட்டதை வேறு நிற மையில் சேருங்கள். டியூட்டி முடியும்போது, எதிர்பார்த்தது நடந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், ஊர் எதையும் அந்த நோட்டில் எழுதக்கூடாது. வயதும் நோயும் போதும். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது.

வார்டில் பொறுமையுள்ள மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தால், அவர் ஒரு நோயாளியை மற்றவருக்கு முன்னதாகப் பார்த்த காரணத்தை ஓய்வு நேரத்தில் கேளுங்கள். "சும்மா, பார்த்தாலே தெரியும்" என்றுதான் முதலில் சொல்வார். இன்னொரு முறை பணிவாகக் கேட்டால், உதட்டின் நிறத்தையோ போர்வையை இழுத்துக்கொண்ட விதத்தையோ சொல்வார். அந்தக் குறிப்புகள் எந்தக் கேள்வி வங்கியிலும் கிடைக்காது.

கேள்வி வங்கியைப் பயன்படுத்தும்போது, தவறான ஒவ்வொரு விடைக்கும் அது எந்தப் படியில் தவறியது என்று எழுதிவையுங்கள். சில வாரங்களில் ஒரு சாயல் தெரியும். குறியையே காணாமல் விட்டவர் நிதானமாக வாசிக்கப் பழக வேண்டும். குறியைக் கண்டும் பொருள் தெரியாதவர் நோயியலைத் திரும்பப் படிக்க வேண்டும். எல்லாம் தெரிந்தும் வரிசையில் தவறுபவர் மேலே சொன்ன இரண்டு ஊசிகளின் எடைபோடுதலைப் போன்ற பயிற்சிகளை நண்பரோடு உரக்கப் பேசிச் செய்ய வேண்டும். மூவருக்கும் மருந்து வேறு வேறு.

மதிப்பெண் முறையும் தேர்வு நாளும்

பல விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. பொருந்தும் அனைத்தையும் தேர்வு செய்க என்ற வகையில் சரியான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கூடும், தவறான ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காது. எனவே உறுதியில்லாததை எல்லாம் அடுக்கித் தேர்ந்தெடுப்பது நட்டம். இத்தனை விடைகள் என்று எண்ணிக்கை குறிப்பிட்டிருந்தால் தவறுக்குக் கழிவில்லை. அங்கே எதையும் காலியாக விடாதீர்கள். காரணமும் விளைவும் இணைந்து வரும் வாக்கியக் கேள்விகளில் இணையின் இரு பகுதிகளும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் கிடைக்கும். போ டை (bow-tie) எனப்படும் கேள்வியில் நடுவில் நோய்நிலை ஒன்றும், இடப்பக்கம் செயல்கள் இரண்டும், வலப்பக்கம் கண்காணிக்க வேண்டியவை இரண்டும் நிரப்ப வேண்டும். நடுவை முதலில் தீர்மானித்தால் மற்றவை எளிதாகும்.

தேர்வு மையம் சென்னையில் உண்டு. காலைத் தேர்வாக இருந்தால் முந்தைய நாளே காட்பாடியிலிருந்து புறப்பட்டு அங்கே தங்குவது நல்லது. அடையாளச் சான்றாகக் காலாவதியாகாத பாஸ்போர்ட்டைக் கொண்டு செல்லுங்கள். பதிவு செய்தபோது தந்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் பொருந்த வேண்டும். தந்தை பெயரை முதலெழுத்தாக எழுதும் நம் வழக்கத்தால் இதில் சிக்கல் வருவதுண்டு, ஆகவே பல மாதங்களுக்கு முன்பே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஓர் இடைவேளையும் மூன்றரை மணி நேரத்துக்குப் பின் இன்னொன்றும் தருவார்கள். அந்த நேரமும் 5 மணிக் கணக்கில்தான் கழியும். ஆனாலும் முதல் இடைவேளையையாவது எடுத்துத் தண்ணீர் குடித்து வாருங்கள். 150 கேள்விகள் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் கிடைக்கும். விவரணைக் கேள்விகளில் முதல் கேள்விக்கு நான்கு நிமிடம் செலவிட்டு நோயாளியை நன்றாகப் புரிந்துகொண்டால், தொடரும் ஐந்தையும் விரைவாக முடித்து அந்த நேரத்தை ஈடுகட்டிவிடலாம். 85-ஆம் கேள்வியில் கணினி நிற்காமல் தொடர்ந்தால் தோற்றுவிட்டோம் என்று எண்ணிப் பதற வேண்டாம். முடிவெடுக்க அதற்கு இன்னும் விடைகள் வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள், ஆகவே 86-ஆவது கேள்வியையும் முதற்கேள்விக்குத் தந்த அதே நிதானத்தோடு வாசியுங்கள்.